பிரின்ஸ் சார்லியா, ஆர்கைலா: கில்ட்டுக்கு மேலே என்ன போடுவது?

ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் கட்டம் போட்ட கம்பளி உடைதான் கில்ட். எடின்பரோவில் அதை வாடகைக்கு விடும் கடைகளில் முதல் கேள்வியே "பிரின்ஸ் சார்லியா, ஆர்கைலா?" என்பதுதான். பல வருடங்களுக்கு முன்னால் என்னிடம் அப்படிக் கேட்டபோது, விஸ்கியில் எது வேண்டும் என்று உபசரிக்கிறார்கள் என நினைத்து, "நான் குடிப்பதில்லை" என்று சொல்லிவிட்டேன். கடைக்காரர் கண்ணியமான மனிதர். சிரிக்காமல் உள்ளே போய் இரண்டு கறுப்புக் கோட்டுகளை எடுத்து வந்து மேசையில் விரித்தார்.

போன மாதம் கிளாஸ்கோவுக்கு வேலை மாறி வந்த தம்பி ஒருவர் ஓர் அழைப்பிதழைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். அலுவலக நண்பரின் திருமணம். சடங்கு பகல் இரண்டு மணிக்கு. விருந்தும் நடனமும் மாலை ஆறரைக்கு. அடியில் "பிளாக் டை அல்லது ஹைலண்ட் உடை" என்று ஒரு வரி. அதாவது கறுப்புக் கோட்டும் பட்டாம்பூச்சி முடிச்சு வைத்த போ டையுமான மாலை விருந்து உடை, இல்லையென்றால் ஸ்காட்லாந்து மலைநாட்டின் கில்ட் உடை. "அண்ணா, கில்ட் கட்டலாம்னு இருக்கேன். மேல என்ன போடறது?" என்று கேட்டிருந்தார். அவருக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கில்ட்டுக்குப் பகல், இரவு கிடையாது. காலையில் மலையேறக் கட்டியதையே துவைத்து, இஸ்திரி போட்டு, இரவு விருந்துக்கும் கட்டலாம். நேரம் பார்ப்பதெல்லாம் மேலே போடும் கோட்டும், முன்னால் தொங்கும் பையும், காலில் போடுபவையும்தான். இதற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. 1746-ல் வந்த சட்டம் ஹைலண்ட் ஆண்கள் இந்த உடையை அணிவதையே தடை செய்தது. ராணுவப் படைப்பிரிவுகளுக்கு மட்டும் விலக்கு. 1782-ல்தான் தடை நீங்கியது. அதற்குப் பிறகு, குறிப்பாக 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்து போனபின், கில்ட் பணக்காரர்களின் விருந்து உடையாக மறுபிறவி எடுத்தது. அந்தக் காலத்து லண்டன் கனவான்கள் மாலை விருந்துக்கு வால் வைத்த கோட்டு, வில் முடிச்சு டை என்று நேரத்துக்கு ஓர் உடை வைத்திருந்தார்கள். அந்த நேர அட்டவணைதான் கில்ட்டின் மேல் பாதியில் வந்து உட்கார்ந்துகொண்டது. இடுப்புக்குக் கீழே ஹைலண்ட், இடுப்புக்கு மேலே லண்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக்கச் சரியில்லாவிட்டாலும் கடையில் நின்று முடிவெடுக்க உதவும்.

பிரின்ஸ் சார்லி கோட்டை எடுத்துக்கொள்வோம். திருமணப் படங்களில் பத்துக்கு எட்டு மாப்பிள்ளைகள் போட்டிருப்பது இதுதான். முன்பக்கம் இடுப்போடு வெட்டிவிட்டது போலக் குட்டையாக இருக்கும். பின்பக்கம் சின்னதாக ஒரு வால். கழுத்துப் பட்டையில் பளபளக்கும் பட்டு அல்லது சாட்டின், தோளில் பின்னல், வெள்ளி நிறப் பொத்தான்கள். உள்ளே மூன்று பொத்தான் வைத்த, மார்பு நன்றாகத் தெரியும்படி வெட்டிய வெயிஸ்ட்கோட் எனும் கையில்லாத உள்கோட்டு. கழுத்தில் கறுப்பு போ டை. பெயரைக் கேட்டு 1745-ல் கலகம் செய்த இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட் போட்டது என்று நினைக்க வேண்டாம். இந்த வெட்டு அவர் காலத்துக்கு ரொம்பவும் பிந்தியது. கதை இருக்கிற பெயர் வைத்தால் விற்கும் என்று தையற்காரர்களுக்கு எப்போதும் தெரியும்.

இந்தக் கோட்டின் அழகும் தொல்லையும் அதன் குட்டை முன்பக்கத்தில்தான் இருக்கின்றன. இதை முன்னால் பொத்தான் போட்டு மூட முடியாது. மூடும்படி தைத்ததே கிடையாது. அதனால் வெயிஸ்ட்கோட் இல்லாமல் போட்டால் கோட்டுக்கும் கில்ட்டுக்கும் நடுவே சட்டை பிதுங்கும். வெயிஸ்ட்கோட்டோடு போட்டாலும், கில்ட்டைக் கட்ட வேண்டிய இடத்தில் கட்டவில்லையென்றால் அதே கதைதான். கில்ட்டின் மேல் விளிம்பு தொப்புள் உயரத்துக்கு வர வேண்டும். ஜீன்ஸ் போட்டுப் பழகியவர்கள் எல்லோரும் அதை இடுப்பெலும்பில் நிறுத்துகிறார்கள். நமக்கோ வேட்டி கட்டும் இடத்துக்குத்தான் கை தானாகப் போகும். கடையில் கண்ணாடி முன்னால் நிற்கும்போது இரண்டு கையையும் மேலே தூக்கிப் பாருங்கள். வெயிஸ்ட்கோட்டுக்குக் கீழே வெள்ளைப் பட்டை தெரிந்தால் கில்ட்டை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்ட வேண்டும்.

பிரின்ஸ் சார்லி எங்கே பொருந்தும் என்றால், பிளாக் டை என்று போட்டிருக்கும் இடத்தில், மாலை ஆறுக்குப் பிறகு. ஜனவரி 25-ல் கவிஞர் பர்ன்ஸ் நினைவு விருந்து, நவம்பர் 30-ல் புனித ஆண்ட்ரூ இரவு, நிறுவன ஆண்டு விழா, எதற்கும் தயங்காமல் போட்டுப் போகலாம். எங்கே பொருந்தாது என்பதில்தான் சண்டை. மரபுவாதிகள், பகல் ஒரு மணிக் கல்யாணத்தில் சாட்டின் பட்டையும் போ டையும் பார்த்தால் முகத்தைச் சுளிப்பார்கள். நடைமுறையில் ஸ்காட்லாந்தின் கல்யாணக் கூட்டங்களில் பாதிப் பேர் அப்படித்தான் நிற்கிறார்கள். வாடகைக் கடைகள் பழக்கிவிட்டன. நான் மரபுவாதி இல்லை. ஆனாலும் ஜூன் மாதத்து வெயிலில், தேவாலய வாசலில் இந்தக் கோட்டைப் பார்க்கும்போது, மாலை ஷிஃப்டுக்கு முன்னாலேயே வந்துவிட்ட ஓட்டல் சிப்பந்தி போல ஒரு தோற்றம் வருவதை மறுக்க முடியவில்லை. பகலில் மட்டும் நடக்கும் நிகழ்ச்சியென்றால் வேறு வழி இருக்கும்போது இதைத் தொட வேண்டாம் என்பேன்.

அந்த வேறு வழிதான் ஆர்கைல். இதுவும் கறுப்புக் கம்பளித் துணியில் வரும்; வெள்ளிப் பொத்தான்களும் உண்டு. ஆனால் சாதாரண சூட் கோட்டு போல முன்பக்கம் மூடும். வால் கிடையாது. பைகளுக்கு மூடி, மணிக்கட்டில் பழைய கையுறையின் கை போல மேல்நோக்கி விரியும் மடிப்பு. முன்னால் கீழ்ப்பகுதி வளைவாக வெட்டப்பட்டிருப்பதால் கில்ட்டின் முன்னால் தொங்கும் பை மறையாது. சூட் கோட்டையே கில்ட்டின் மேல் போட்டுக்கொண்டு போவது பெரிய தப்பு என்பது இங்கேதான் புரியும். சூட் கோட்டு தொடை வரைக்கும் தொங்கி, பாதிக் கில்ட்டையும் பையையும் மறைத்துவிடும். கில்ட்டுக்கென்று தைக்கும் எல்லாக் கோட்டும் சில அங்குலம் குட்டையாக இருப்பது அதனால்தான்.

ஆர்கைலுக்கு ஐந்து பொத்தான் வெயிஸ்ட்கோட். அது இல்லாமலும் போடலாம், பொத்தானைப் போட்டுக்கொண்டால் போதும். நீள டையும் பொருந்தும், போ டையும் பொருந்தும். பகல் கல்யாணம், பட்டமளிப்பு, இறுதிச் சடங்கு, வேலை நேர்காணல் வரைக்கும் இதைப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பிளாக் டை விருந்தில் இது முழுத் தகுதி பெறுமா என்று கேட்டால், கறாரான ஆட்கள் "அரை விருந்து உடை" என்று ஒரு படி கீழே வைப்பார்கள். ஆனால் கறுப்பு ஆர்கைலோடு வெள்ளைச் சட்டை, கறுப்பு போ டை, விருந்துப் பை என்று சேர்த்துவிட்டால் எந்த வாசலிலும் உங்களை நிறுத்த மாட்டார்கள். கூட்டத்தில் பிரின்ஸ் சார்லி போட்டவர் கொஞ்சம் மிடுக்காகத் தெரிவார், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த மிடுக்குக்கு அவர் விலை கொடுத்திருப்பார்: அந்தக் கோட்டை இரவுக்கு மட்டும்தான் எடுக்க முடியும்.

இவற்றுக்கு மேலே ஒரு தட்டு இருக்கிறது. ஷெரிஃப்முயர், மான்ட்ரோஸ், ரெகுலேஷன் என்று பெயர் கொண்ட டப்ளெட் கோட்டுகள். கறுப்பு வெல்வெட்டில் பார்த்தால் பழைய ஓவியத்திலிருந்து இறங்கி வந்தது போல இருக்கும். ஷெரிஃப்முயர் என்பது 1715-ல் நடந்த ஒரு போரின் பெயர். இவற்றில் ஷெரிஃப்முயருக்கும் மான்ட்ரோஸுக்கும் டை இல்லை. கழுத்தில் லேஸ் துணியில் அருவி போல ஒரு ஜாபோ, மணிக்கட்டிலும் லேஸ். மான்ட்ரோஸில் மட்டும் வெளியே இடுப்புப் பட்டை உண்டு. அழைப்பிதழில் பிளாக் டைக்கும் ஒரு படி மேலான "வொயிட் டை" என்று இருந்தால் இவை சரியான இடத்தில் இருக்கின்றன. 1788-ல் தொடங்கிய இன்வர்நெஸ்ஸின் நார்தர்ன் மீட்டிங் போன்ற பழைய நடன விழாக்களிலும், லண்டனில் நடக்கும் ராயல் கலிடோனியன் பாலிலும் இவற்றைப் பார்க்கலாம். அப்படிப்பட்ட அழைப்பு உங்களுக்கு வந்தால் நீங்கள் இந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டிய ஆளே இல்லை. மற்ற எல்லோருக்கும் சொல்கிறேன்: நண்பர் கல்யாணத்துக்கு ஜாபோ போட்டுப் போனால் மாப்பிள்ளை யார் என்று போட்டோகிராபர் குழம்பிவிடுவார்.

கீழ்த்தட்டில் ட்வீட் இருக்கிறது. ஆர்கைல் வெட்டிலேயே பச்சை, பழுப்பு, சாம்பல் கம்பளி, கொம்புப் பொத்தான், கம்பளி டை. செப்டம்பர் முதல் சனிக்கிழமை பிரேமரில் நடக்கும் ஹைலண்ட் விளையாட்டுகளுக்கு அரச குடும்பத்தினர் வரும் படங்களைப் பாருங்கள், பகல் உடைக்கு அதுதான் பாடம். இரவு விருந்துக்கு இது வேண்டாம். மார்பில் கயிறு கோர்த்த ஜேக்கபைட் சட்டையும் அப்படித்தான்: கடற்கரைக் கல்யாணத்துக்கோ மதுக்கடை இசை இரவுக்கோ நன்றாக இருக்கும், பிளாக் டை என்று எழுதிய இடத்துக்குப் போடுவது அழைத்தவரை மதிக்காதது போல ஆகிவிடும்.

கில்ட்டே வேண்டாம் என்று முடிவெடுப்பதும் ஒரு வழிதான். "அல்லது" என்று அழைப்பிதழில் போட்டிருக்கும் வார்த்தைக்கு அர்த்தம் இருக்கிறது. சாதாரணக் கறுப்பு டின்னர் ஜாக்கெட் போதும். யாரும் ஏன் கட்டவில்லை என்று கேட்க மாட்டார்கள். நடுவழி வேண்டுமென்றால் ட்ரூஸ் எனப்படும் டார்ட்டன் (கில்ட்டுக்கான கட்டம் போட்ட துணி) கால்சட்டை இருக்கிறது. அது கில்ட்டுக்குப் பயந்தவர்களின் கண்டுபிடிப்பு இல்லை. குதிரை ஏறியவர்கள் நெடுங்காலமாகப் போட்டது. முழங்கால் குளிருக்குப் பயப்படுகிறவர்களுக்கும், வயதானவர்களுக்கும், காலில் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் நல்லது. "நாம் வேட்டியிலேயே போகலாமே" என்று கேட்டவர்களும் உண்டு. 2014-ல் வேட்டியோடு வந்த உயர் நீதிமன்ற நீதிபதியைச் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடாததும், அந்த வருடமே தமிழ்நாட்டில் அதற்கு எதிராகச் சட்டம் வந்ததும் நினைவிருக்கும். இங்கே அந்த மாதிரிச் சிக்கலை நான் பார்த்ததில்லை. பட்டு வேட்டியும் முழுக்கைச் சட்டையும் போட்டுப் போனவரை, சொந்த தேசத்து உடை என்று மரியாதையாகவே உள்ளே அழைத்துப் போனார்கள். ஆனால் அழைத்தவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சரி, கோட்டு முடிவாயிற்று. ஆட்கள் கோட்டை விடுவது இடுப்புக்குக் கீழேதான்.

ஸ்போரன் என்பது கேலிக் மொழியில் பணப்பை. கில்ட்டில் பை கிடையாது என்பதால் பர்ஸ், சாவி, போன் எல்லாம் இதற்குள். இதில் மூன்று வகை. வெறும் தோல் என்றால் பகல். தோலும் முன்னால் கொஞ்சம் ரோமமும் சேர்ந்தது இரண்டுக்கும் நடுவே. ரோமத்தால் மூடி, மேலே வெள்ளி வளைவு வைத்து, சங்கிலியில் தொங்குவது விருந்துக்கு. பிரின்ஸ் சார்லிக்கு மூன்றாவதுதான் ஜோடி. ஆர்கைலுக்கு நேரத்தைப் பார்த்து எதையும் மாட்டலாம், அங்கேதான் அந்தக் கோட்டின் பலமே இருக்கிறது. வெயிஸ்ட்கோட்டின் அடி விளிம்பிலிருந்து மூன்று நான்கு விரல் இறங்கித் தொங்க வேண்டும். ரொம்ப இறங்கினால் நடக்கும்போது இடிக்கும், எங்கே இடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பழைய சீல் தோல் பை தாத்தா சொத்தாகக் கிடைத்தால் அமெரிக்காவுக்கு எடுத்துப் போகாதீர்கள். 1972-ல் வந்த கடல் பாலூட்டிப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும்.

அகலமான தோல் பெல்ட்டும் பெரிய வெள்ளிக் கொக்கியும் கடைக்காரர் காட்டுவார். வெயிஸ்ட்கோட் போட்டால் பெல்ட் வேண்டாம். கில்ட்டைத் தாங்குவது அதிலேயே தைத்திருக்கும் வார்கள். பெல்ட் வெறும் அலங்காரம். இரண்டையும் சேர்த்தால் வெயிஸ்ட்கோட் கொக்கியின் மேல் ஏறி உட்கார்ந்து, சாப்பாட்டுக்கு முன்பே தொப்பை வைத்தது போல இருக்கும். என் முதல் விருந்தில் நான் அதைச் செய்தேன். அதோடு இன்னொன்றும் செய்தேன். கில்ட்டின் முன்பக்க மடிப்பின் வலது கீழ் மூலையில் குத்தும் ஊசி மேல் துணியில் மட்டும்தான் குத்த வேண்டும். காற்றில் பறக்காமல் இருக்கட்டும் என்று நான் இரண்டு அடுக்கையும் சேர்த்துக் குத்திவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தபோது 'டர்ர்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் இருந்த பெரியவர் தன் நாப்கினை என் மடியில் விரித்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். வாடகை முன்பணம் திரும்பி வரவில்லை.

காலுறையில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. கடைகள் எல்லோருக்கும் ஒரே க்ரீம் நிறக் காலுறையைத் தருகின்றன. எந்த டார்ட்டனுக்கும் ஒத்துப்போகும், துவைப்பது சுலபம் என்பது அவர்கள் வசதி. பைப் வாத்தியக் குழுக்களுக்குக் க்ரீம் சரி. விருந்துக்கு டார்ட்டனில் இருக்கும் ஒரு கரும் நிறத்தை எடுங்கள்: கரும்பச்சை, கருநீலம், ஒயின் சிவப்பு. கட்டம் போட்ட காலுறை விருந்துக்கு இன்னும் மேல், ஆனால் விலையும் மேல். எதுவானாலும் மேல் மடிப்பு முழங்கால் சில்லுக்கு இரண்டு மூன்று விரல் கீழே நிற்க வேண்டும். அதற்கு மேல் கில்ட்டின் விளிம்பு, முழங்கால் சில்லின் மேல் பாதியைத் தொட்டும் தொடாமலும். 1822-ல் வந்த மன்னர் இந்த அளவில்தான் தவறினார். கில்ட் முழங்காலுக்கு வெகு மேலே ஏறியிருந்தது. அடியில் தோல் நிறத்தில் இறுக்கமான கால்சட்டை. கேலிச்சித்திரக்காரர்களுக்குக் கொண்டாட்டம். சில வருடம் கழித்து டேவிட் வில்கி வரைந்த படத்தில் இதையெல்லாம் நைசாகச் சரிசெய்து கொடுத்திருக்கிறார்.

வலது காலுறையில் செருகும் சின்னக் கத்தி ஸ்கீயன் டூ. கறுப்புக் கத்தி என்று அர்த்தம். கைப்பிடியின் தலை மட்டும் வெளியே தெரிய வேண்டும். இடதுகைப் பழக்கம் உள்ளவர்கள் இடது காலில் வைப்பார்கள். ஸ்காட்லாந்தின் 1995-ம் ஆண்டுச் சட்டத்தில் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது குற்றம் என்றாலும், தேசிய உடையின் பகுதி என்றால் அது தக்க காரணமாக ஏற்கப்படும். சீக்கியர்களின் கிர்பானுக்கு அதே பிரிவில் மதக் காரணம் இருப்பது போல. விமானத்தில் கைப்பையில் மட்டும் வைத்துவிடாதீர்கள். வாடகைக்கு வருவது பெரும்பாலும் கூரில்லாத பொம்மைக் கத்திதான், அது போதும். நடனம் தொடங்கும் முன் எடுத்து மேசையில் வைத்துவிடுவது நல்லது.

டார்ட்டன் பற்றி எல்லோரும் அதிகம் பயப்படுகிறார்கள், அவ்வளவு தேவையில்லை. குலத்துக்கு ஒரு கட்டம் என்ற கணக்கு பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டில் உறுதியானது. அதில் ஒரு பங்கு, பழைய சுவடியைக் கண்டெடுத்தோம் என்று சொல்லி 1842-ல் இரண்டு சகோதரர்கள் வெளியிட்ட ஒரு போலித் தொகுப்பையே நம்பி வந்தது. இன்று அரசாங்கப் பதிவேடு 2009-லிருந்து இருக்கிறது. அதில் ஊர்கள், கால்பந்துக் குழுக்கள், நிறுவனங்களுக்கெல்லாம் டார்ட்டன் உண்டு. குலப்பெயர் இல்லாத நமக்கு பிளாக் வாட்ச், ஹன்டிங் ஸ்டூவர்ட், கலிடோனியா என்ற பொது டார்ட்டன்கள் இருக்கின்றன. தொடக்கூடாதது ஒன்றுதான்: சாம்பல் நிற பால்மோரல். அது அரச குடும்பத்துக்கு. மற்றபடி அப்பா வழிதான் என்றும் இல்லை. ஷான் கானரி 2000-ல் சர் பட்டம் வாங்கியபோது கட்டியிருந்தது அம்மா வழி மக்லீன் டார்ட்டன்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பமும் இருக்கிறது. "டிரெஸ்" என்று பெயர் வைத்த, வெள்ளை கலந்த டார்ட்டன்கள் விருந்துக்கு, "ஹன்டிங்" என்ற பச்சை, பழுப்பு டார்ட்டன்கள் காட்டுக்கு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பிளாக் டை விருந்தில் ஹன்டிங் டார்ட்டன் கட்டுவதில் ஒரு தப்பும் இல்லை. சொல்லப்போனால் கறுப்புக் கோட்டுக்குக் கீழே கரும்பச்சைதான் எடுப்பாக இருக்கிறது. வெள்ளை டார்ட்டன் போட்டோவில் முகத்தைவிட முன்னால் வந்து நிற்கிறது.

வாங்குவதா, வாடகையா? நல்ல கில்ட்டுக்கு எட்டு கெஜம் கம்பளி போகும். மடிசாருக்கு ஒன்பது கெஜம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் பின்பக்கக் கொசுவத்திலேயே அடங்கிவிடும். கெஜத்துக்கு 13 அவுன்ஸ் துணி நடுத்தரம், 16 அவுன்ஸ் கனம். கனமானது விலையும் கூட, ஆனால் கொசுவம் கலையாமல் விழும். நடனத்தில் சுற்றும்போது அதன் ஆட்டமே தனி. கையால் தைத்த எட்டு கெஜக் கில்ட்டுக்குச் சில நூறு பவுண்டு ஆகும். அளவு ஏறி இறங்கினால் வாரைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளலாம் என்பதால் பல வருடம் உழைக்கும். வருடத்துக்கு ஒரு அழைப்பு வந்தால் கூட, ஏழெட்டு வாடகையில் கில்ட்டின் விலை வந்துவிடும். வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: பணத்தைக் கில்ட்டில் போடுங்கள், கோட்டு ஒன்றே ஒன்று, அது கறுப்பு ஆர்கைல். ஒரே இரவுக்கு வாடகை எடுக்கிறீர்கள், நிகழ்ச்சியும் ஆறு மணிக்குப் பிறகுதான் என்றால் பிரின்ஸ் சார்லியை எடுத்து ஆசை தீரப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கென்று ஒரு சந்தோஷம் இருக்கிறது, நான் ஏன் கெடுப்பானேன்.

போட்டபின் எப்படி இருப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உட்காரும்போது வலது கையால் பின்பக்கக் கொசுவத்தை நீவி, அதன் மேல் உட்கார வேண்டும், புடவை கட்டியவர்கள் செய்வது போல. ஸ்போரன் தொடைகளுக்கு நடுவே விழுந்து மானத்தைக் காக்கும். உள்ளாடை பற்றி எல்லோரும் கேட்பார்கள். போடுங்கள். வாடகைக் கில்ட்டில் அது அடுத்த ஆளுக்குச் செய்யும் மரியாதை. நடனத்துக்குக் கேய்லி என்று பெயர். கைலி கட்டிக்கொண்டு ஆடுவதல்ல. ஸ்ட்ரிப் த வில்லோ ஆடும்போது கில்ட் எந்த உயரத்துக்குப் போகும் என்பதை நாம் முடிவு செய்ய முடியாது. அப்போது ஸ்போரனை இடுப்புப் பக்கமாகத் திருப்பிக்கொண்டால் எதிரில் ஆடுபவருக்கு அடி விழாது. கோட்டைக் கழற்றுவது மாப்பிள்ளையோ விருந்து கொடுப்பவரோ கழற்றியபின். வெயிஸ்ட்கோட் கடைசி வரை உடம்பில் இருக்கட்டும். தலையில் வைக்கும் கிளென்கேரி, பால்மோரல் தொப்பிகள் வீட்டுக்குள் வேண்டாம், மாலை உடையோடு வெளியிலும் வேண்டாம்.

தம்பிக்கு நான் எழுதியது இதுதான். உங்களுக்குப் பகல் இரண்டு மணியும் இருக்கிறது, மாலை ஆறரையும் இருக்கிறது. நடுவில் வீட்டுக்குப் போய் உடை மாற்ற நேரமில்லை. அதனால் கறுப்பு ஆர்கைல் எடுங்கள். தேவாலயத்துக்கு நீள டையும் தோல் ஸ்போரனும். கறுப்பு போ டையையும் ரோம ஸ்போரனையும் பையில் வைத்துக்கொண்டு போய், ஆறு மணிக்குக் கழிவறைக் கண்ணாடி முன்னால் நின்று மாற்றிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. டார்ட்டன் பிளாக் வாட்ச், காலுறை கருநீலம், க்ரீம் வேண்டாம் என்று கடையில் அழுத்திச் சொல்லுங்கள்.

உடனே பதில் வந்தது: "அண்ணா, ஷூ?" கில்லி புரோக் என்ற அந்த ஷூவுக்கு நாக்கு கிடையாது, கயிறு மட்டும் ஒரு முழத்துக்கு மேல் நீளும். சாதாரணக் கறுப்பு ஆக்ஸ்ஃபோர்டு ஷூவிலும் போகலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கில்லிதான் வேண்டுமென்றால் கயிற்றை முன்னால் சில முறுக்கு முறுக்கி, கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே சுற்றிக் கொண்டு வந்து, முன்பக்கமோ வெளிப்பக்கமோ முடிச்சுப் போட வேண்டும். கெண்டைக்கால் முழுக்கச் சுற்றினால் பாலே ஆடப் போகிறீர்களா என்று கேட்பார்கள். முதல் நாள் இரவே இரண்டு தடவை கட்டிப் பாருங்கள். கில்ட்டைக் கட்டுவதற்கு முன்னால் ஷூவைக் கட்டிவிட வேண்டும், எட்டு கெஜத்தையும் சுற்றிக்கொண்டு குனிய முடியாது.